வாடையில் எடுக்காத அளவு

நவம்பர் 14, செவ்வாய்

லியோனிக்கு மூன்றாவது நாளாக வயிற்றுப்போக்கு. இன்று ஐந்து முறை. ஒவ்வொன்றுக்கும் நேரம் போட்டு, நிறம் போட்டு, காலண்டரின் பின்பக்கத்தில் கோடு கிழித்து எழுதியிருக்கிறேன். பார்க்க வந்த நர்ஸ் அக்கா சிரித்தார். "பதினாலு மாசப் பிள்ளைக்கு டேபிள் போட்ட அம்மாவ இப்பத்தான் பாக்குறேன்." பழக்கம் என்றேன்.

மாமி கடலிலிருந்து வந்ததும் ஈரக் கையோடு பிள்ளையைத் தூக்கினார். கை கழுவிவிட்டுத் தூக்குங்கள் என்றேன்.

"விடியக்காலையில இருந்து கடல்ல ஊறுன கை. இதுக்கு மேல என்னத்தத்தான் கழுவச் சொல்ற?"

தண்ணீரைக் கொதிக்க வைத்தேன். ஆற வைத்தேன். மறுபடி கொதிக்க வைத்தேன்.

இன்று காலை காற்று திரும்பிவிட்டது. வாடை. கொடியில் போட்ட துணியெல்லாம் தென்மேற்கே பறந்து கிடந்தது. இனி தை முடியும்வரை வடகிழக்கிலிருந்துதான் அடிக்கும். சித்திரைக்குப் பிறகுதான் எதிர்ப்பக்கத்துக் கச்சான்.

நவம்பர் 17, வெள்ளி

போக்கு நின்றது. எடை முந்நூறு கிராம் குறைவு.

மாமியும் இன்னும் ஆறு பெண்களும் குடாவின் கிழக்கு ஓரத்தில், பவளப் பாருக்கு உட்புறம் விற்பனைக்குக் கடல்பாசி வளர்க்கிறார்கள். மூங்கில் தெப்பத்தில் கயிறு கட்டி, கயிற்றில் பாசித் துண்டுகளை முடிந்து மிதக்க விடுவது. பார் அலையை உடைத்துவிடும் என்பதால் வாடையிலும் அங்கே இடுப்பளவுத் தண்ணீரில் நின்று வேலை பார்க்கலாம். இன்று மாமி ஒரு கொத்து கொண்டுவந்து வாசலில் போட்டார். நுனியெல்லாம் வெள்ளை. தொட்டால் சோறு போலக் குழைகிறது.

"போன வாடையிலயும் இப்படித்தான் இருந்துச்சு. அதுக்கு முந்தி இல்ல" என்றார். பிறகு சேலையைக் கெண்டைக்கால்வரை தூக்கிக் காட்டினார். சிவந்து தடித்த வட்டங்கள். சொறிந்த இடத்தில் நீர் கசிகிறது.

கூட வந்த முனீஸ்வரிக்கு இன்னும் மோசம். அவள்தான் சிரித்தாள். "பாருங்க மதினி, எங்க காலும் பாசி மாதிரியே வெளுக்குது. இனி எங்களையும் காய வச்சு கிலோ கணக்குல எடுத்துக்கிருவாக."

தேங்காயெண்ணெயும் மஞ்சளும் கலந்து கொடுத்தேன். வேறென்ன கொடுக்க.

நவம்பர் 22, புதன்

பெண்கள் மனு கொடுக்கப் போகிறார்கள். மேற்கு மணல்முனையில் இறால் ஆலைக்காரர்கள் குழாய் போட்டு, மருந்து கலந்த கழுவுநீரைக் கடலில் விடுகிறார்கள். ஆலை வந்து இரண்டாவது வருடம். பாசி வெளுக்க ஆரம்பித்தும் இரண்டாவது வருடம். எழுதிக் கொடுக்க ஆள் வேண்டும்.

"எங்க வீட்லயே கடலப் படிச்ச புள்ள இருக்கு, வெளிய எதுக்கு அலையணும்" என்றார் மாமி, எல்லார் முன்னாலும். இந்த வீட்டுக்கு வந்து அவர் என்னைப் புகழ்ந்தது இது முதல் தடவை.

இரண்டு பக்கம் எழுதினேன். கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்று முனீஸ்வரி தாளைத் தடவிப் பார்த்தாள்.

என் வீட்டுக்காரர் ரெமி அந்த ஆலையில்தான் பம்பு பார்க்கிறார். மனுவைப் பற்றிச் சொன்னேன். சாப்பாட்டை முடித்துவிட்டுத்தான் பேசினார்.

"நீயா எழுதுன?"

"மாமி கேட்டாங்க."

"ம்" என்றார். கை கழுவப் போனவர் வெகுநேரம் திரும்பி வரவில்லை.

நவம்பர் 29, புதன்

மனுவுக்குப் பதில் வந்துவிட்டது. ஆலை விடும் கழுவுநீர் குடாவில் தங்குவதில்லை, இரண்டு பருவக் காற்றிலும் ஒன்றரை நாளுக்குள் வெளிக்கடலுக்குப் போய்விடுகிறது, அதற்கு முறைப்படி எடுத்த கள அளவீடு உண்டு என்று. அறிக்கையின் பக்கங்களை நகலெடுத்து இணைத்திருக்கிறார்கள். மாமி என்னை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். நான்காம் பக்கம் தெரியாமல் இரண்டு தாளாகச் சேர்த்துப் புரட்டினேன்.

அந்தப் பக்கத்தில் 'கள அளவீடு' என்று போட்டு ஒரு பெயர் இருக்கிறது. செ. செரினா, எம்.எஸ்சி., கடலியல். அப்போது என் பெயருக்கு முன்னால் அப்பாவின் முதலெழுத்து.

டிசம்பர் 1, வெள்ளி

எழுதிவிட்டால் அடங்குமா என்று பார்க்கிறேன்.

நான்கு வருடத்துக்கு முன் சென்னையில் ஒரு ஆய்வு நிறுவனத்தில் வேலை. பிரபாகர் சார்தான் அதிகாரி. ஒரு ஜூன் மாதம், ஆலைக்கு அனுமதி வாங்கும் அறிக்கைக்காக என்னை இந்தக் கிளாத்திக்குடாவுக்கு அனுப்பினார். மூன்று வாரம் தங்கி, கொடி குத்திய மிதவைகளைக் கடலில் விட்டு, அவை எந்தத் திசையில் எவ்வளவு வேகத்தில் போகின்றன என்று அளந்தேன். படகு ஓட்டியவர் ரெமி. கல்லூரிப் படிப்புக்காகக் கடலை அளக்க வந்த பிள்ளை என்று ஊரில் நினைத்துக்கொண்டார்கள். நானும் திருத்தவில்லை. பிறகு கல்யாணம், இந்த வீடு. அப்புறம்தான் ஆலை வந்தது. திருத்த வாய்ப்பே வரவில்லை.

இந்தக் குடா வடக்கே வாய் திறந்தது. மேற்கே கொக்கி போல வளைந்த மணல்முனை, கிழக்கே பார். கச்சான் நிலத்திலிருந்து கடலுக்கு அடிக்கும். மேல்தண்ணீரைக் குடாவுக்கு வெளியே தள்ளிவிடும். ஜூனில் நான் விட்ட மிதவைகளில் ஒன்றுகூடத் தங்கவில்லை. எல்லாம் வடகிழக்கே போய்விட்டன. அந்த அளவில் ஒரு தவறும் கிடையாது. ஒவ்வொரு எண்ணும் நான் வெயிலில் நின்று எடுத்தது.

டிசம்பர் அளவும் அறிக்கையில் இருக்கிறது.

லியோனி எழுந்துவிட்டாள்.

டிசம்பர் 3, ஞாயிறு

பூசை முடிந்து வந்து பார்த்தால் பிள்ளையைக் காணவில்லை. மாமி கரைக்குத் தூக்கிப் போயிருந்தார். ஓடினேன். தெப்பத்துக்குப் பக்கத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று பிள்ளையின் காலை அலைக்கு நீட்டிக்கொண்டிருந்தார். இவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"பிள்ளைக்கி நடை வரல. கடல்ல கால் நனைச்சா எலும்பு உரமேறும். ரெமிக்கு இப்படித்தான் செஞ்சேன்."

"உங்க காலப் பாத்தீங்களா மாமி? அதே தண்ணிலதான் இவளையும் நிப்பாட்டுறீங்க!"

கத்திவிட்டேன். கரையில் வலை உலர்த்தியவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மாமி பிள்ளையை என் கையில் கொடுத்தார்.

"தண்ணி நல்லாருக்குன்னுதான பேப்பர்ல போட்டிருக்கு. நீதான வாசிச்ச."

டிசம்பர் 5, செவ்வாய்

லியோனிக்கு இரண்டு முட்டிக்குக் கீழும். பத்து வட்டம். இடது காலில் ஆறு, வலது காலில் நான்கு. பெரியது ஐந்து ரூபாய் நாணயம் அளவு. காய்ச்சல் 100.2.

டிசம்பர் 6, புதன்

101.

டாக்டர் களிம்பு கொடுத்தார். கடல் தண்ணீர் படக்கூடாது என்றார். கடலுக்கு முப்பது அடி தள்ளி வீடு வைத்துக்கொண்டு.

அவளைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கும்போது அலமாரி மேல் அடுக்கியிருந்த பால்மாவு டப்பாக்கள் கண்ணில் பட்டன. காலி டப்பா பத்து. தகரம். பாதிக்கு மணல் போட்டு மூடியை மெழுகால் அடைத்தால் தண்ணீர் மட்டத்தோடு மிதக்கும். காற்று பிடிக்காது, தண்ணீர் போகும் வழியே போகும். நான் வேலையில் விட்ட மிதவைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை.

ஒன்று முதல் பத்துவரை நகப்பூச்சால் எண் போட்டேன். குழாய் முடியும் இடத்தில், இரும்பு மேடையில் நின்று விடவேண்டும். வெளியாள் அங்கே போக முடியாது. ரெமியிடம் கேட்டேன்.

"எதுக்கு?"

"தெரிஞ்சுக்கத்தான்."

"தெரிஞ்சு?"

"நிம்மதியா இருக்கும்ல."

அவர் லியோனியின் காலைப் பார்த்தார். சரி என்றார். சாக்கில் போட்டு எடுத்துப் போனார்.

டிசம்பர் 8, வெள்ளி

காலை ஏழு மணிக்கு விட்டாராம். பத்தும்.

டிசம்பர் 9, சனி

கரையில் மூன்று முறை நடந்தேன். ஒன்றும் இல்லை.

டிசம்பர் 10, ஞாயிறு

இல்லை.

டிசம்பர் 12, செவ்வாய்

இல்லை! தெப்பத்தில் ஏதாவது சிக்கியதா என்று முனீஸ்வரியிடம் சுற்றி வளைத்துக் கேட்டேன். "ஒரு செருப்பு வந்துச்சு மதினி, சோடியில்லாம. வேணுமா?" என்றாள்.

அப்படியானால் தண்ணீர் வெளியேதான் போகிறது. நான் எழுதியது சரிதான். பாசிக்கு ஏதோ நோய், கால்களுக்கு ஏதோ ஒவ்வாமை, இந்த வருட வெயில், எதுவோ. நான்கு வருடமாக முதுகில் இருந்த ஏதோ ஒன்று இறங்கினது போல் இருக்கிறது. இரவு சோறு இறங்கியது. ரெமிக்குப் பிடிக்கும் என்று நண்டு ரசம் வைத்தேன். அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

ஒன்றை இங்கே எழுதி வைக்கிறேன். ரெமிக்கு ஆலையில் வேலை கிடைத்ததற்கும் அந்த அறிக்கைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பிரபாகர் சார் ஒரு வார்த்தை சொன்னார், அவ்வளவுதான். யாரும் யாருக்கும் சொல்வதுதான்.

டிசம்பர் 17, ஞாயிறு

கிறிஸ்துமஸ் குடில் வைக்கப் பரணிலிருந்து பெட்டியை இறக்கினேன். வைக்கோல், ஆட்டுக்குட்டி பொம்மைகள், போன வருட ஸ்டார். பெட்டிக்குப் பின்னால் சாக்கு. சாக்குக்குள் பத்து டப்பா. ஒன்று முதல் பத்துவரை. மெழுகு விரிசல்கூட விடவில்லை.

அவர் வேலையிலிருந்து வரும்வரை குடிலுக்கு முன்னால் வரிசையாக அடுக்கி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். லியோனி ஏழாம் நம்பரை உருட்டி விளையாடிக்கொண்டிருந்தாள்.

வந்தார். பார்த்தார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"விட்டா என்னாகும்னு எனக்குத் தெரியும் செரினா. எதுக்கு விடணும்?"

"என்னாகும்?"

"கேக்குற பாரு. அன்னைக்கி போன்ல சொன்னேன்ல."

சொன்னார்தான். அதைத்தான் நான் இந்த நோட்டில் இன்னும் எழுதவில்லை.

அந்த டிசம்பரில் நான் மறுபடி இங்கே வந்து அளந்திருக்கவேண்டும். வாடையில் வடகடலில் படகு இறங்காது. படகுக்காரர்கள் எல்லாரும் தென்கடல் பக்கம் போய்விடுவார்கள், வருடாவருடம். கச்சானில் வடகடல், வாடையில் தென்கடல். ரெமியும் போய்விட்டார். பிரபாகர் சார் வெள்ளிக்கிழமைக்குள் அட்டவணை வேண்டும் என்றார். காற்றுதானே தண்ணீரைத் தள்ளுகிறது, காற்று திரும்பினால் தண்ணீரும் திரும்பும் என்று நினைத்தேன். ஜூன் எண்களை எடுத்து அம்புக்குறிகளை மட்டும் எதிர்த்திசைக்குத் திருப்பினேன். வடகிழக்கே போனது தென்மேற்கே போனதாயிற்று. தென்மேற்கே கரை இருக்கிறது. கரைக்குள் தண்ணீர் எப்படிப் போகும்? அதனால் அம்புகளைக் கொஞ்சம் வளைத்து முனையைத் தாண்டி மேற்கே கொண்டுபோனேன். படத்தில் நன்றாகத்தான் இருந்தது.

அனுப்புவதற்கு முந்தின நாள் ரெமிக்குப் போன் போட்டேன். அப்போது நாங்கள் தினமும் பேசிக்கொண்டிருந்தோம். விளையாட்டாகத்தான் கேட்டேன், வாடையில் உங்கள் குடாவில் தண்ணீர் எப்படிப் போகும் என்று. "எங்கிட்டும் போகாது. உள்ளுக்குள்ளயே சுத்தும். கரையோரமா மேக்க போகும், முனையில முட்டி வடக்க ஏறும், வெளிய போக வழியில்லாம பார்ப்பக்கம் திரும்பி மறுபடி கரைக்கே வந்துரும். செக்கு மாதிரி" என்றார்.

சிரித்தேன். "இதெல்லாம் டேட்டா இல்ல" என்றேன். அவரும் சிரித்தார்.

"அப்பவே ஏன் நிறுத்தல நீங்க? ஆலை வந்தப்போ ஏன் வாயத் திறக்கல?" என்று இன்று கேட்டேன்.

"கட்டுன பொண்டாட்டி எழுதுனதப் பொய்யின்னு நானா போயிச் சொல்லணும்? அவுக வேலை போட்டுக் குடுத்துட்டாக. நீ வயித்துல பிள்ளையோட இருந்த." குனிந்து ஒரு டப்பாவை நிமிர்த்தி வைத்தார். "நீயும்தான் சொல்லல."

லியோனி டப்பாவை அவர் காலில் உருட்டிவிட்டாள்.

டிசம்பர் 20, புதன்

டப்பாக்களைச் சாக்கில் போட்டுக் கட்டினேன். குடிலுக்கு வைக்கோல் பரப்பினேன்.

டிசம்பர் 24, ஞாயிறு

காலைப் பூசை நேரம். மணல்முனைக் காவல்காரர் கோயிலுக்குப் போயிருந்தார். பிள்ளைக்குக் காய்ச்சல் அடிப்பதுபோல் இருக்கிறது என்று சொல்லி வீட்டில் தங்கினேன். அடிக்கவில்லை. பக்கத்து வீட்டில் அவளை விட்டுவிட்டுச் சாக்கைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

இரும்பு மேடை நுனியில் கண்ணைத் திறக்க முடியாத காற்று. குழாய்க்குக் கீழே தண்ணீர் பால் கலந்தாற்போல இருந்தது. ஒவ்வொன்றாக விட்டேன். 7:10. பத்தும் வரிசையாக வடக்கே ஏறிப்போயின. வெளியே, வெளியே போய்விடு என்று வாய்விட்டுச் சொன்னேன். கண்ணுக்குத் தெரிந்தவரை அவை போகத்தான் செய்தன.

டிசம்பர் 25, திங்கள்

கிறிஸ்துமஸ். மாமி பிரியாணி. கல்யாணமாகிப் போன நாத்தனார் குடும்பத்தோடு வந்திருந்தார். எல்லாரும் உட்கார்ந்திருந்தபோது ஒன்றரை மணிக்கு முனீஸ்வரி வந்தாள். அவளுக்கு இன்று வேலை நாள். சேலை நனைந்து சொட்டியது. கையில் ஏழாம் நம்பர்.

"பண்டிகைக்கிப் பிரியாணி வாங்க வெறுங்கையோட வரலாமா? இந்தாங்க. பிள்ளை குடிக்கிற மாவுதான இது? இன்னும் மூணு கயித்துல சிக்கிக் கெடக்கு. யாரோ நம்பரெல்லாம் போட்டு விட்டிருக்காக."

முப்பது மணி நேரம்.

மாமி டப்பாவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நகப்பூச்சைப் பார்த்தார். என் விரலைப் பார்த்தார். "எங்க விட்ட?"

"குழாய்கிட்ட."

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன். நான்காம் பக்கம்வரைக்கும். ரெமி எழுந்து வெளியே போய்விட்டார். நாத்தனார் பிள்ளைகளுக்குச் சோறு போட்டுக்கொண்டேயிருந்தார், தட்டு நிறைந்த பிறகும்.

மாமி கத்துவார் என்று நினைத்தேன்.

"வாடையில மேக்க மீன்குடலு கொட்டமாட்டோம் நாங்க. எந்த வீட்லயும். குழி தோண்டிப் பொதைப்போம். கச்சான்லதான் கடல்ல கொட்டுறது. நீ பாத்ததில்லையா?"

பார்த்திருக்கிறேன். வீட்டுக்கு வந்த முதல் வருடமே. சுத்தம் என்று நினைத்தேன்.

"நான் அப்பவே எல்லார்கிட்டயும் கேட்டேன் மாமி. தண்ணி எங்க போகும்னு. உங்ககிட்டயும் கேட்டேன். வெளிய போயிரும்னுதான் சொன்னீங்க."

"நீ கேட்டது கச்சான்ல. கச்சான்ல வந்து கேட்டா கச்சானத்தான சொல்லுவாக. வாடையில வந்து கேட்டியா?"

முனீஸ்வரி நின்றபடியே இருந்தாள். "அப்ப அந்தப் பேப்பரும் நீங்கதான், எங்க மனுவும் நீங்கதானா மதினி?" என்றாள். விளையாட்டாகக் கேட்கவில்லை. பிரியாணி வாங்காமல் போய்விட்டாள்.

ஜனவரி 4, வியாழன்

பெண்களின் மனுமேல் ஊராட்சி அலுவலகத்தில் விசாரணை. இரண்டு அதிகாரிகள், ஆலையிலிருந்து ஒருவர், பாசிப் பெண்கள் ஏழு பேர், நான். லியோனியை இடுப்பில் வைத்திருந்தேன். டப்பா நான்கையும் மேசைமேல் வைத்தேன். விட்ட நேரம், கிடைத்த நேரம், காற்று எல்லாம் எழுதிக் கொடுத்தேன்.

மூத்தவர் ஒரு டப்பாவை எடுத்து ஆட்டிப் பார்த்தார். உள்ளே மணல் சத்தம் கேட்டது. "இது பால் டப்பாம்மா" என்றார் மரியாதையாகத்தான். "அவங்க அறிக்கையில ரெண்டு சீசனுக்கும் ரீடிங் இருக்கு."

"டிசம்பர் ரீடிங் எடுக்கல சார். ஜூன் எண்ணத் திருப்பிப் போட்டது."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"போட்டது நான்தான்."

ஆலைக்காரர் தலை நிமிர்ந்தார். அதிகாரி நான்காம் பக்கத்தைப் புரட்டினார். என்னைப் பார்த்தார், பெயரைப் பார்த்தார்.

"அப்ப கையெழுத்துப் போட்டுப் பொய் எழுதினீங்க. இப்ப சொல்றது மட்டும் உண்மைன்னு நான் எப்படிம்மா எடுத்துக்கறது?"

லியோனியின் காலைக் காட்டினேன். காட்டியிருக்கக்கூடாது. அவர் வேறு பக்கம் பார்த்தார்.

முடிவில், மறுபடி ஒரு கள அளவீடு எடுக்க உத்தரவு போடுவதாகச் சொன்னார்கள். பெண்கள் தலையாட்டினார்கள். எப்போது என்று கேட்டேன்.

"இப்ப எந்தப் படகும் போகாதே. கடல் அமைதியானதும் எடுத்துடலாம். மே, ஜூன்."

"அப்ப கச்சான் சார். கச்சான்ல எல்லாம் வெளியதான் போகும். இப்பவே எடுக்கணும் சார், இந்த வாடையிலயே..."

"முறைப்படிதாம்மா செய்ய முடியும்."

அவர் சொன்ன சொல் எனக்குத் தெரியும். நானே அதை அறிக்கையில் எழுதியிருக்கிறேன்.

ஜனவரி 6, சனி

ரெமியை இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். போனில்தான். துணியை ஒரு பையில் திணித்துக்கொண்டு தென்கடலுக்குக் கிளம்பினார், யார் படகிலாவது ஏறிக்கொள்வாராம். லியோனியின் தலையை முகர்ந்தார். என்னிடம், "கேஸ் சிலிண்டர் ஒரு வாரந்தான் வரும்" என்றார்.

ஜனவரி 10, புதன்

கடையில், கோயிலில், குழாயடியில் ஒருவரும் பேசுவதில்லை. முகத்தைத் திருப்பிக்கொள்வதும் இல்லை. என் வழியாக எனக்குப் பின்னால் பார்க்கிறார்கள்.

மாமி கதவோரம் நின்று சொன்னார். "முனீசால நடக்க முடியல. காலு வீங்கிருச்சு. கயிறு முடிய ஆள் காணாது. நாளைக்கி வெரசா எந்திரி."

"பிள்ளை?"

"என் தங்கச்சி வீட்ல விடு. கரைக்குக் கொண்டாராத."

ஜனவரி 11, வியாழன்

இடுப்பளவு. குளிர் இல்லை, வெதுவெதுப்பு. காலுக்கு அடியில் மணல் மேற்கே நகர்வது தெரிகிறது, நிற்கவிடாமல் மெல்ல இழுக்கிறது. எத்தனையோ படம் வரைந்திருக்கிறேன். தண்ணீர் இழுத்து உணர்ந்தது இன்றுதான்.

மாமி முடிச்சுப் போடக் கற்றுக்கொடுக்கவில்லை. நான் போட்டதை அவிழ்த்து மறுபடி கையில் கொடுத்தார். ஒன்பது தடவை.

ஜனவரி 14, ஞாயிறு

திரும்பி வந்த டப்பாக்களோடு மணல்முனைக்குப் போனேன். காவல்காரர் பார்த்தார், தடுக்கவில்லை. அன்று அவர் பூசைக்குப் போனதால்தான் காவல் இல்லை என்று நினைத்திருந்தேன். "சுருக்கா விட்டுட்டுப் போம்மா" என்றார். அவர் பெண்டாட்டியும் தெப்பத்தில்தான் நிற்கிறாள்.

இனி ஒவ்வொரு நாளும் விடப் போகிறேன், வாடை நிற்கும்வரை. யாரும் ஏற்றுக்கொள்ளப் போவதில்லை. ஜூனில் படகில் வருவார்கள், கொடி குத்திய மிதவை விடுவார்கள், எல்லாம் அழகாக வெளியே போகும். எனக்குப் பதில் இன்னொரு பெண் வருவாள். அவள் மாமியிடம் கேட்பாள், தண்ணீர் எங்கே போகும் என்று.

ஜனவரி 23, செவ்வாய்

காற்று வடகிழக்கு, பலமாக. டப்பா 3: விட்டது நேற்றுக் காலை 6:20, கிடைத்தது இன்று மதியம் 1:05, தெப்பம் நான்கு. டப்பா 7: விட்டது அதே நேரம், கிடைத்தது 1:30, தெப்பம் இரண்டு. டப்பா 9: முனீஸ்வரி வாசலுக்கு நேரே, கரையில்.

நான் போனபோது அவள் வெளியே வரவில்லை. டப்பாவைக் கழுவி வாசல் திண்ணையில் வைத்திருந்தாள்.

என் இடது காலில் மூன்று, வலது காலில் ஒன்று. பெரியது ஒரு ரூபாய் அளவு. அரிக்கிறது.